காபியும் தேநீரும் பக்கவாதத்தைத் தடுக்குமா? செட்டிநாட்டு வீடுகளில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செட்டிநாட்டு வீடு ஒன்றில் முகப்பைத் தாண்டி உள்ளே வந்தவரை, வந்த காரியத்தைக் கேட்பதற்கு முன்பே, "காபி சாப்பிடுங்க" என்று சொல்வதுதான் இந்தப் பக்கத்து வழக்கம். அதனாலேயே, காபியும் தேநீரும் பக்கவாதத்தைத் தடுக்கும் என்ற செய்தி கைப்பேசிகளில் சுற்றத் தொடங்கியபோது, காரைக்குடியிலும் பள்ளத்தூரிலும் தேவகோட்டையிலும் உள்ள உறவினர்களும் அக்கம்பக்கத்தாரும் என்னிடம் அதைப் பற்றிக் கேட்கத் தொடங்கினார்கள். அரசு மருத்துவமனைகளில் செவிலியராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவள் நான்; கைகால் விழுந்தவர்களை வார்டில் பல ஆண்டுகள் பார்த்தவள். அந்தக் கேள்விகளையும், ஆய்வுகளைப் படித்து நான் சொன்ன பதில்களையும் இங்கே தருகிறேன். உங்கள் உடம்புக்கு எது பொருந்தும் என்பதை உங்களைப் பார்க்கும் மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

காபியும் தேநீரும் குடித்தால் பக்கவாதம் வராது என்கிறார்களே, அது உண்மையா?

வரவே வராது என்று எந்த ஆய்வும் சொல்லவில்லை. அந்தச் செய்திக்கு அடிப்படையாக இருப்பது, சீனாவின் தியான்ஜின் மருத்துவப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2021 நவம்பரில் பிளாஸ் மெடிசின் என்னும் இதழில் வெளியிட்ட கட்டுரை. பிரிட்டனில் யூகே பயோபேங்க் என்ற உடல்நலத் தகவல் பெருந்தொகுப்பில் 2006 முதல் 2010 வரை சேர்ந்த, 50 முதல் 74 வயதுக்கு உட்பட்ட 3,65,682 பேரின் விவரங்களை எடுத்துக்கொண்டு, 2020 வரை அவர்களுக்கு என்ன ஆயிற்று என்று பார்த்தார்கள். அந்தக் காலத்துக்குள் 10,053 பேருக்குப் பக்கவாதம் வந்திருந்தது. நாளுக்கு இரண்டு மூன்று கோப்பை காபியும், அத்துடன் இரண்டு மூன்று கோப்பை தேநீரும் குடித்தவர்களுக்கு, இரண்டையும் தொடாதவர்களைவிட 32 சதவீதம் குறைவாகவே பக்கவாதம் வந்திருந்தது. மறதி நோய் வந்ததும் 28 சதவீதம் குறைவு.

இந்த 32 என்ற எண்ணைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும் என்பதால் சற்று நின்று சொல்கிறேன். நூறு பேர் காபி குடித்தால் அவர்களில் 32 பேர் தப்பிவிடுவார்கள் என்பது அதன் பொருள் அன்று. ஆய்வில் இருந்தவர்களை மொத்தமாகப் பார்த்தால், பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் நூற்றுக்கு மூன்று பேருக்கும் குறைவானவர்களுக்குத்தான் பக்கவாதம் வந்தது. அந்த மூன்றில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைகிறது என்றால், நூறு பேருக்கு ஒருவர் என்ற அளவில்தான் வேறுபாடு. ஒருவர் தப்புவதும் சிறிய செய்தி இல்லை. ஆனால் அதை நம்பி இரத்த அழுத்த மாத்திரையை நிறுத்துகிற அளவுக்குப் பெரிய செய்தியும் இல்லை.

காபிதான் காப்பாற்றியது என்று எப்படிச் சொல்ல முடியும்? வேறு காரணம் இருக்கக் கூடாதா?

இருக்கலாம். ஆய்வாளர்கள் யாருக்கும் காபி கொடுத்து, யாருக்கும் மறுத்துச் சோதிக்கவில்லை. அவரவர் பழக்கத்தை எழுதி வாங்கிக்கொண்டு, பிறகு வந்த நோயோடு ஒப்பிட்டார்கள். இப்படிப்பட்ட ஆய்வு இரண்டுக்கும் தொடர்பு உண்டு என்று காட்டுமே தவிர, ஒன்றால்தான் மற்றது நேர்ந்தது என்று நிறுவாது.

நம் வீட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். நெஞ்சு படபடக்கிறது, தூக்கம் வரவில்லை, அழுத்தம் ஏறிவிட்டது என்று மருத்துவர் சொன்ன பிறகு காபியை விட்டுவிட்ட பெரியவர்கள் எத்தனை பேர்! அவர்கள் எல்லாரும் ஆய்வில் "காபி குடிக்காதவர்" என்ற பட்டியலில்தான் வருவார்கள். பிறகு அவர்களுக்குப் பக்கவாதம் வந்தால், காபி குடிக்காததால் வந்தது என்று கணக்கு தோன்றும். உண்மையில் முன்பே இருந்த நோயால்தான் வந்திருக்கும். வயது, புகை, உடல் எடை, வருமானம், உடற்பயிற்சி போன்றவற்றைக் கழித்துப் பார்க்க ஆய்வாளர்கள் முறைகள் வைத்திருக்கிறார்கள் என்றாலும், எல்லாவற்றையும் முழுமையாகக் கழித்துவிட முடிவதில்லை.

மற்ற நாடுகளில் என்ன கண்டார்கள்?

ஜப்பானில் 45 முதல் 74 வயது வரையுள்ள 82,369 பேரைச் சராசரியாக 13 ஆண்டுகள் கவனித்த ஆய்வு 2013இல் வெளிவந்தது. நாளுக்கு நான்கு கோப்பைக்குக் குறையாமல் பச்சைத் தேநீர் குடித்தவர்களுக்கும், நாள்தோறும் ஒரு கோப்பையாவது காபி குடித்தவர்களுக்கும் பக்கவாதம் ஏறத்தாழ 20 சதவீதம் குறைவாக வந்தது. சுவீடனில் 34,670 பெண்களைப் பின்தொடர்ந்து 2011இல் வெளியான ஆய்விலும், நாளுக்கு ஒரு கோப்பைக்கு மேல் காபி குடித்தவர்களுக்கு 22 முதல் 25 சதவீதம் வரை குறைவு. வெவ்வேறு உணவு உண்ணும் நாடுகளில் ஒரே திசையில் முடிவு வந்திருப்பதால்தான், இதை வெறும் தற்செயல் என்று என்னால் ஒதுக்க முடியவில்லை.

அப்படியென்றால் நம் ஊர்த் தேநீருக்கும் இது பொருந்தும்தானே?

இந்தக் கேள்விக்குத்தான் நான் மிகவும் கவனமாகப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

அயர்லாந்தின் கால்வே பல்கலைக்கழகத்தினர் மற்ற நாட்டு ஆய்வாளர்களுடன் சேர்ந்து நடத்திய இன்டர்ஸ்ட்ரோக் என்ற ஆய்வு, 27 நாடுகளில் ஏறத்தாழ 27,000 பேரை எடுத்துக்கொண்டது. அவர்களில் பாதிப்பேர் முதல் முறையாகப் பக்கவாதம் வந்தவர்கள். பானங்களைப் பற்றிய முடிவுகள் 2024இல் வந்தன. நாளுக்கு மூன்று நான்கு கோப்பை தேநீர் குடித்தவர்களுக்குப் பக்கவாத வாய்ப்பு மொத்தத்தில் குறைந்திருந்தது. பச்சைத் தேநீருக்கும் பால் சேர்க்காத தேநீருக்கும் அந்தக் குறைவு கூடுதலாகத் தெரிந்தது. ஆனால் நாடுவாரியாகப் பிரித்தபோது படம் மாறியது. சீனாவிலும் தென் அமெரிக்காவிலும் தேநீரோடு பக்கவாதம் குறைந்திருக்க, நம் தெற்காசியாவில் மட்டும் தேநீரோடு பக்கவாத வாய்ப்பு கூடியிருந்தது.

இந்த வரியை நம் ஊர்ச் செய்திகளில் நான் அதிகம் பார்க்கவில்லை. மகிழ்ச்சி தரும் வரியை மட்டும் எடுத்து அனுப்புகிறோம். சீனத்தார் குடிப்பது இலையை வெந்நீரில் ஊறவைத்து வடித்த நீர். நாம் குடிப்பது தூளைப் பாலிலும் சர்க்கரையிலும் போட்டுக் கொதிக்கவைத்து, இரண்டு வடையோடும் சிலர் ஒரு சிகரெட்டோடும் சேர்த்துக் குடிப்பது. இரண்டையும் தேநீர் என்ற ஒரே பெயரால் அழைக்கிறோம், அவ்வளவுதான். பாலிலுள்ள கேசின் என்ற புரதம் தேநீரின் நற்பொருள்களைப் பிடித்து வைத்துக்கொள்ளும் என்ற கருத்தும் உண்டு. பெர்லினில் 16 பெண்களை வைத்து 2007இல் செய்த சிறிய சோதனையில், வெறும் தேநீர் குடித்தபோது கைத் தமனி நன்கு விரிந்ததையும், பால் கலந்தபோது அந்தப் பலன் இல்லாமல் போனதையும் கண்டார்கள். பதினாறு பேரை வைத்து முடிவு கட்ட முடியாது என்பதும் உண்மை. எனினும் நாளில் ஒரு வேளைத் தேநீரையாவது பாலும் சர்க்கரையும் இல்லாமல் குடித்துப் பழகுவதில் இழப்பு எதுவும் இல்லை.

காபிக்கும் அந்த இன்டர்ஸ்ட்ரோக் ஆய்வில் ஏதாவது எச்சரிக்கை உண்டா?

உண்டு. நாளுக்கு நான்கு கோப்பைக்கு மேல் காபி குடித்தவர்களுக்குப் பக்கவாத வாய்ப்பு 37 சதவீதம் கூடியிருந்தது. அதற்குக் குறைவாகக் குடித்தவர்களுக்கு அப்படித் தெரியவில்லை.

உடம்புக்குள் அது எப்படி வேலை செய்கிறது?

பக்கவாதம் இரண்டு வழிகளில் வருகிறது. மூளைக்குப் போகும் இரத்தக் குழாய் அடைத்துக்கொள்வது ஒன்று. குழாய் வெடித்து இரத்தம் கசிவது மற்றொன்று. உலக அளவில் அடைப்பால் வருவதே அதிகம். பிரிட்டன் ஆய்வில் காபியும் தேநீரும் சேர்ந்து காட்டிய பலன் இந்த அடைப்பு வகையில்தான் தெளிவாகத் தெரிந்தது.

காபியில் குளோரோஜெனிக் அமிலமும் தேயிலையில் கேட்டச்சின் முதலான பொருள்களும் உள்ளன. இரத்தக் குழாயின் உட்சுவர் நைட்ரிக் ஆக்சைடு என்ற பொருளைச் சுரந்துதான் குழாயைத் தளர்த்தி விரிக்கிறது. மேற்சொன்ன பொருள்கள் அந்த உட்சுவரைக் காக்க உதவுகின்றன என்பது ஆய்வாளர்களின் விளக்கம். காபி குடிப்பவர்களுக்கு இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் குறைவாக வருகிறது என்பதும் பல ஆய்வுகளில் கண்டது. சர்க்கரை நோய் பக்கவாதத்துக்கு ஒரு பெரிய வாசல் என்பதால், அந்த வழியாகவும் பலன் கிடைக்கலாம்.

எங்கள் வீட்டு டம்ளரில் குடித்தால் அது எத்தனை கோப்பை?

ஆய்வில் கோப்பை என்று சொல்வதற்கும் நம் வீட்டு எவர்சில்வர் டம்ளருக்கும் நேர் கணக்கு இல்லை. அதனால் கோப்பையை எண்ணுவதைவிட, காபியிலும் தேநீரிலும் உள்ள ஊக்கப்பொருளான கஃபீனைக் கணக்கிடுவது நல்லது. ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் தயாரித்து, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2024இல் வெளியிட்ட உணவு வழிகாட்டி, நாளுக்கு 300 மில்லிகிராம் கஃபீனைத் தாண்ட வேண்டாம் என்கிறது. அதே வழிகாட்டியின்படி, 150 மில்லி வடித்த காபியில் 80 முதல் 120 மில்லிகிராம் வரையிலும், உடனடிக் காபியில் 50 முதல் 65 வரையிலும், தேநீரில் 30 முதல் 65 வரையிலும் கஃபீன் இருக்கும்.

நம் காபியில் டிகாஷன் எவ்வளவு, பால் எவ்வளவு என்பதைப் பொறுத்து இது மாறும். விடியற்காலையில் இறங்கும் முதல் டிகாஷனில் போட்ட திக்கான காபியும், பதினொரு மணிக்கு இரண்டாம் டிகாஷனில் பேருக்குக் கலந்த காபியும் ஒன்றாகா. தூளில் சிக்கரி எவ்வளவு என்பதையும் பார்க்க வேண்டும். சிக்கரியில் கஃபீன் கிடையாது. சட்டப்படி கலவைத் தூளில் 49 சதவீதம் வரை சிக்கரி இருக்கலாம், பொட்டலத்தில் அதை அச்சிட்டிருப்பார்கள். பாதிக்குப் பாதி சிக்கரி உள்ள தூளில் நான்கு டம்ளர் குடிப்பவருக்கும், கலப்பில்லாத தூளில் நான்கு டம்ளர் குடிப்பவருக்கும் உடம்பில் சேரும் கஃபீன் பெரிதும் வேறுபடும். அந்த ஆய்வுகளில் பலன் தந்ததாகச் சொல்லப்படுவது காபிக்கொட்டை என்பதால், சிக்கரி கூடக் கூட அந்தப் பலனும் குறையும் என்றுதான் கொள்ள வேண்டும்.

ஒரு காரியம் செய்து பாருங்கள். வீட்டில் வழக்கமாகக் குடிக்கும் டம்ளரில் தண்ணீர் ஊற்றி, மருந்து அளக்கும் மூடியாலோ பால் அளக்கும் குவளையாலோ எத்தனை மில்லி என்று ஒரு முறை அளந்துகொள்ளுங்கள். நான் அளந்தபோது, "ஒரு வாய் காபி" என்று எங்கள் வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தது 180 மில்லியாக இருந்தது. கலப்பில்லாத தூளில் திக்காகப் போடுகிறவருக்கு அப்படிப்பட்ட டம்ளரில் இரண்டு போதும். விருந்தினர் வரும்போதெல்லாம் துணைக்குக் குடிக்கும் அரை டம்ளரையும் கணக்கில் சேர்க்க வேண்டும். கல்யாண வீட்டில் அதுவே பத்து முறை நடந்துவிடும்.

பித்தளை பில்டரில் இறக்குவது நல்லதா, காகித வடிகட்டி நல்லதா?

காபிக்கொட்டையின் எண்ணெயில் கஃபெஸ்டால், கவியோல் என்ற இரு பொருள்கள் உள்ளன. அவை கெட்ட கொழுப்பு எனப்படும் எல்டிஎல் கொழுப்பை ஏற்றும். காகிதம் அவற்றைப் பிடித்துக்கொள்ளும். உலோகத் துளைகள் பெரும்பகுதியை விட்டுவிடும். நார்வேயில் ஐந்து லட்சம் பேருக்கு மேல் இருபது ஆண்டுகள் கவனித்து 2020இல் வெளியிட்ட ஆய்வில், வடிகட்டாமல் குடித்தவர்களைவிடக் காகிதத்தில் வடிகட்டிக் குடித்தவர்களுக்கே நிலைமை நன்றாக இருந்தது.

அதற்காக ஆத்தா காலத்து பித்தளை பில்டரைப் பரணில் ஏற்ற வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். நாளுக்கு இரண்டு டம்ளர் குடிப்பவருக்கும் கொழுப்பு அளவு சரியாக இருப்பவருக்கும் அதனால் பெரிய கவலை இல்லை. எல்டிஎல் ஏறியிருக்கிறது, மருந்து சாப்பிட்டும் இறங்கவில்லை என்றால், மேல் அடுக்கில் ஒரு காகித வடிகட்டியை வெட்டி வைத்து இறக்கிப் பார்க்கலாம். டிகாஷன் மெதுவாக இறங்கும்; மணம் குறையாது. தூளைப் பாத்திரத்தில் நேரடியாகப் போட்டுக் கொதிக்கவைத்துத் துணியில் வடிப்பதை மட்டும் அவர்கள் தவிர்ப்பது நல்லது.

சர்க்கரைக்குப் பதில் கருப்பட்டியோ நாட்டுச்சர்க்கரையோ போட்டால் கணக்கில் வராதுதானே?

வரும். கருப்பட்டியில் சிறிதளவு தாது உப்புகள் இருக்கின்றன. ஆனால் அதன் பெரும்பகுதி சர்க்கரைதான். உலக சுகாதார நிறுவனம் சேர்க்கும் சர்க்கரையை நாளுக்கு ஏறத்தாழ 25 கிராமுக்குள் வைத்துக்கொண்டால் கூடுதல் நன்மை என்கிறது. டம்ளருக்கு இரண்டு கரண்டி வீதம் நான்கு டம்ளர் குடித்தால், காபியிலேயே எட்டுக் கரண்டி, அதாவது 35 முதல் 40 கிராம் வரை உள்ளே போய்விடுகிறது. அதன் பிறகு மூன்று மணிக்குக் கந்தரப்பமும் சீயமும் தட்டில் வருகின்றன.

நம் வீடுகளில் காபி தனியாக வருவதில்லை என்பதுதான் எனக்கு உள்ள பெரிய கவலை. ஆய்வில் இருந்த சுவீடன் பெண்மணி குடித்த காபியும், தேன்குழலும் அதிரசமும் சூழ நம் வளவில் நாம் குடிக்கும் காபியும் ஒரே பலனைத் தரும் என்று எதிர்பார்ப்பது நியாயம் அன்று. பலகாரத்தை விட்டுவிடச் சொல்லவில்லை. நல்ல நாளுக்கும் விருந்துக்கும் உரியதை அன்றாடக் காபிக்குத் துணையாக்க வேண்டாம் என்கிறேன். சர்க்கரையைப் பொறுத்தவரை, வாரத்துக்கு அரைக் கரண்டி வீதம் குறைத்தால் ஒரு மாதத்தில் நாக்கு பழகிவிடும். ஒரே நாளில் நிறுத்தியவர்கள் பெரும்பாலும் மறு வாரமே பழையபடி போட்டுக்கொண்டதைப் பார்த்திருக்கிறேன்.

மலேசியாவிலிருந்து உறவினர்கள் கொண்டுவரும் மூன்றும் கலந்த காபிப் பொட்டலம் எப்படி?

பொட்டலத்தின் பின்புறம் உள்ள பட்டியலைப் படியுங்கள். பெரும்பாலானவற்றில் முதலில் இருப்பது சர்க்கரை, அடுத்து பால் போன்ற வெண்மைக்காகச் சேர்க்கும் கொழுப்புத் தூள், அதற்குப் பிறகே காபி. அதை எப்போதாவது இனிப்பாகக் குடிக்கலாம். இங்கே பேசும் பலனுக்காகக் குடிக்க வேண்டாம்.

சுக்குமல்லிக் காபியும் சீரகத் தண்ணீரும் பக்கவாதத்தைத் தடுக்குமா?

பெயரில் காபி இருந்தாலும், சுக்கும் மல்லியும் மிளகும் கருப்பட்டியும் சேர்ந்த சுக்குமல்லிக் காபியில் வழக்கமாகக் காபிக்கொட்டை இல்லை. நான் மேலே சொன்ன ஆய்வுகள் காபிக்கொட்டையையும் தேயிலையையும் பற்றியவை; அவற்றின் எண்களை இதற்கு மாற்றி எழுதக் கூடாது. சளிக்கும் அசதிக்கும் நம் அப்பத்தாக்கள் கொடுத்து வந்த நல்ல பானம் அது. கஃபீன் இல்லாததால், மாலை ஆறு மணிக்கு மேல் காபி குடித்தால் தூக்கம் வராதவர்களுக்கு அது ஏற்றது. கருப்பட்டியை மட்டும் குறைத்துக்கொள்ளுங்கள்.

சீரகத் தண்ணீருக்கு வேறு ஒரு சிறப்பு இருக்கிறது. நம் வறண்ட பூமியில் சித்திரை, வைகாசி வெயிலில் பெரியவர்கள் போதிய அளவு தண்ணீர் குடிப்பதில்லை. இரவில் எழுந்து நடக்க நேருமே என்று வேண்டுமென்றே குறைத்துக்கொள்கிறவர்களும் உண்டு. அதே இன்டர்ஸ்ட்ரோக் ஆய்வில், நாளுக்கு ஏழு கோப்பைக்கு மேல் தண்ணீர் குடித்தவர்களுக்கு அடைப்பால் வரும் பக்கவாதம் குறைவாக இருந்தது. சீரகம் போட்டால்தான் குடிப்பேன் என்பவருக்குத் தாராளமாகச் சீரகம் போட்டுக் கொடுக்கலாம். சிறுநீரக நோயோ இதயத் தளர்ச்சியோ உள்ளவர்கள் மட்டும் மருத்துவர் சொன்ன அளவைத் தாண்டக் கூடாது.

எனக்கு இரத்த அழுத்தம் இருக்கிறது. காபியை விட்டுவிட வேண்டுமா?

அழுத்தம் கட்டுக்குள் இருப்பவர்கள் ஒன்றிரண்டு டம்ளர் குடிப்பதால் பெரிய தீங்கு இல்லை. கட்டுக்குள் இல்லாதவர்கள் நிறுத்தி வைக்க வேண்டும். ஜப்பானில் 18,000க்கும் மேற்பட்டவர்களை ஏறத்தாழ 19 ஆண்டுகள் பின்தொடர்ந்து 2022இல் வெளியிட்ட ஆய்வில், அழுத்தம் 160/100 அல்லது அதற்கு மேல் இருந்தவர்கள் நாளுக்கு இரண்டு கோப்பையோ அதற்கு மேலோ காபி குடித்தபோது, இதய நோயாலும் பக்கவாதத்தாலும் இறப்பதற்கான வாய்ப்பு இரு மடங்காக இருந்தது. பச்சைத் தேநீரில் அந்த ஆபத்து தெரியவில்லை.

காபி குடித்த பிறகு சில மணி நேரத்துக்குள் அழுத்தம் சற்று ஏறி இறங்குவது இயல்பு. நாள்தோறும் குடித்துப் பழகியவர்களுக்கு இந்த ஏற்றம் குறைவு. ஆகவே அழுத்தம் பார்க்கப் போகும்போது, அதற்கு முன் அரை மணி நேரமாவது காபி குடிக்காமல் இருங்கள். வீட்டில் காபி குடித்துவிட்டு நேரே வந்து கையை நீட்டி, ஏறிய எண்ணைப் பார்த்துப் பயந்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். பக்கவாதத்துக்கான காரணங்களில் முதலிடம் இரத்த அழுத்தத்துக்குத்தான். இன்டர்ஸ்ட்ரோக் ஆய்வின் 2016ஆம் ஆண்டு முடிவுகளின்படி, அழுத்தம், புகை, உணவு, உடலுழைப்பின்மை, சர்க்கரை நோய் முதலான பத்துக் காரணங்களே ஏறத்தாழ 90 சதவீதப் பக்கவாதங்களோடு தொடர்புடையவை. இவை எல்லாம் மாற்றக்கூடியவை. காபி தரக்கூடிய பலன் இவற்றுக்குப் பின்னால் வருவது. மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுவதும், உப்பை எல்லாவற்றிலும் சேர்த்து நாளுக்கு ஒரு தேக்கரண்டி, அதாவது ஐந்து கிராமுக்குள் வைப்பதும்தான் முதல் வேலை. உப்புக்கண்டம், மோர்மிளகாய், வற்றல், ஊறுகாய் என்று நம் பரணி நிறைய இருப்பது உப்புதான் என்பதையும் மறக்க வேண்டாம்.

மாத்திரை வாங்கப் போக முடியவில்லை என்று நிறுத்திவிடும் பெரியவர்கள் பெரிய வீடுகளில் தனியாக இருக்கிறார்கள்; பிள்ளைகள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருப்பார்கள். 2021 ஆகஸ்ட் 5இல் தமிழக அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் உரிய மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கிறார்கள். அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்துகொள்ளலாம்.

ஆவி பறக்கக் குடித்தால்தான் எனக்குக் குடித்தது போல இருக்கும். அதில் தவறு உண்டா?

உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, 65 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடான பானங்கள் உணவுக்குழாய்ப் புற்றுநோயை உண்டாக்கக்கூடும் என்று 2016இல் வகைப்படுத்தியது. குற்றம் சூட்டின் மீதுதான், காபியின் மீது இல்லை. டவராவில் இரண்டு மூன்று முறை ஆற்றிக் குடிக்கும் நம் வழக்கம் இதற்கு மிக நல்ல மருந்து.

மாத்திரையைக் காபியோடு விழுங்கலாமா?

வேண்டாம், தண்ணீரோடு விழுங்குங்கள். தைராய்டு மாத்திரையைக் காபியோடு சேர்த்தால் அது சரியாக உடம்பில் சேராது. அதைச் சாப்பிட்டு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் கழித்தே காபி குடிக்க வேண்டும். இரும்புச்சத்தையும் காபியும் தேநீரும் தடுக்கும் என்பதால், சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் இடைவெளி விடச் சொல்கிறது அந்த 2024 வழிகாட்டி. சோகை உள்ள பெண்கள் இதைக் கட்டாயம் பின்பற்ற வேண்டும்.

இதுவரை காபி குடிக்காதவர், பக்கவாதத்துக்குப் பயந்து இனிமேல் தொடங்க வேண்டுமா?

தேவை இல்லை. குடிப்பவர்கள் அளவோடு தொடரலாம் என்று சொல்லத்தான் இந்த ஆய்வுகள் போதும்.

ஒருவருக்கு வாய் கோணி, கைகால் விழுந்துவிட்டால், சூடாக ஏதாவது குடிக்கக் கொடுக்கலாமா?

கூடவே கூடாது. இந்தப் பக்கத்தில் வேறு எதையும் படிக்காவிட்டாலும் இந்தப் பதிலை மட்டும் வீட்டில் எல்லாருக்கும் சொல்லுங்கள்.

எங்கள் வீட்டிலேயே இது நடந்தது. என் அப்பத்தா ஒரு மாலை பட்டாலையில் உட்கார்ந்திருந்தவர் பேச்சுக் குழறிச் சாய்ந்துவிட்டார். நான் அப்போது வெளியூரில் பணியில் இருந்தேன். மயக்கம் என்று நினைத்து, தெளியட்டும் என்று அன்போடு சூடான காபியை வாயில் ஊற்றினார்கள். பக்கவாதத்தில் விழுங்கும் தசைகளும் தளர்ந்துவிடுவதால், காபி வயிற்றுக்குப் போகாமல் மூச்சுக்குழாய்க்குள் போயிற்று. பக்கவாதத்தோடு நுரையீரல் சளிக்காய்ச்சலும் சேர்ந்துகொண்டது; அவரை அதிகம் வாட்டியது அந்தக் காய்ச்சல்தான். ஊற்றியவர்கள் யாரையும் நான் குறை சொல்லவில்லை. அவர்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

ஆகவே காபி, சோடா, சுக்குத் தண்ணீர், மாத்திரை எதுவும் வாயில் கொடுக்காதீர்கள். இரத்தக் கசிவா அடைப்பா என்பது ஸ்கேன் எடுத்தால்தான் தெரியும் என்பதால், ஆஸ்பிரினும் கொடுக்கக் கூடாது. அழுத்த மாத்திரையை நாக்கின் அடியில் வைக்கவும் கூடாது. விரல் நுனியில் ஊசியால் குத்துவதும் புறா இரத்தம் தேய்ப்பதும் நேரத்தைத் தின்னும் வேலைகள். சிரிக்கச் சொன்னால் வாய் ஒரு பக்கம் கோணுகிறதா, இரு கைகளையும் தூக்கச் சொன்னால் ஒன்று விழுகிறதா, பேச்சுக் குழறுகிறதா என்று பாருங்கள். ஒன்று இருந்தாலும் உடனே 108ஐ அழைத்து, அவர் கடைசியாக நன்றாக இருந்த நேரத்தை எழுதிக்கொள்ளுங்கள். ஒருக்களித்துப் படுக்கவையுங்கள்.

அடைப்பைக் கரைக்கும் ஊசி, அறிகுறி தொடங்கிய நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டியது. பெரிய குழாய் அடைபட்ட பக்கவாதத்தில் ஒவ்வொரு நிமிடத்துக்கும் ஏறத்தாழ 19 லட்சம் நரம்பணுக்கள் அழிகின்றன என்று கணக்கிட்டிருக்கிறார்கள். காரைக்குடியிலிருந்து மதுரைக்கும் திருச்சிக்கும் ஏறத்தாழ 90 கிலோமீட்டர். சிறிய ஊர்களிலிருந்து பிரதான சாலைக்கு வரும் நேரம் தனி. ஆதலால் இருபத்துநான்கு மணி நேரமும் ஸ்கேனும் அந்த ஊசியும் கிடைக்கும் மருத்துவமனை உங்கள் ஊருக்கு அருகில் எது என்பதை, எல்லாரும் நலமாக இருக்கும் இன்றைக்கே விசாரித்து, எண்ணோடு தொலைபேசிக்கு அருகில் எழுதி ஒட்டிவையுங்கள்.

பக்கவாதம் வந்து தேறி வீடு திரும்பியவர் மறுபடி காபி குடிக்கலாமா?

முதலில் விழுங்கும் திறன் சரியாக இருக்கிறதா என்று மருத்துவமனையில் சோதித்திருக்க வேண்டும். தண்ணீர் குடிக்கும்போது இருமல் வந்தாலோ, குடித்த பிறகு குரல் ஈரம் பட்டதுபோல் மாறினாலோ, காபி உட்பட நீர்த்த எதையும் கொடுக்காமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும். அனுமதி கிடைத்த பின், நிமிர்ந்து உட்காரவைத்து, ஒவ்வொரு வாயாக, பேச்சுக் கொடுக்காமல் குடிக்க விடுங்கள். அண்ணாந்து ஊற்றிக் குடிக்கும் நம் வழக்கம் அவர்களுக்கு ஆகாது; தலையை அண்ணாத்தினால் மூச்சுக்குழாய் திறந்துகொள்ளும். உதட்டில் வைத்துச் சிறிது சிறிதாகக் குடிக்க வேண்டும்.

பாதிக்கப்பட்ட பக்கத்தில் சூடு தெரியாமல் போவதும் உண்டு. டம்ளர் கையைச் சுடுவதை அவர்கள் உணர மாட்டார்கள். மடியில் கவிழ்ந்தாலும் தாமதமாகத்தான் தெரியும். எவர்சில்வர் டம்ளரை எடுத்து வைத்துவிட்டு, இரு கைப்பிடி உள்ள பீங்கான் கோப்பையில் பாதி அளவு மட்டும் ஊற்றி, உங்கள் உதட்டில் ஒரு முறை தொட்டுப் பார்த்த பிறகு, நல்ல கையின் பக்கமாக வையுங்கள்.